பன்னிரண்டு அடிச் சரிவு

"ஓரடிப் படிக்கு பன்னிரண்டு அடிச் சரிவுப் பலகையா? மார்க்குக்குச் செய்யிறதுதானேம்மா, நாலடி போதும். மிச்ச மரமெல்லாம் தண்டம்," என்றார் தச்சர்.

"நாலடின்னா செங்குத்தாயிடும்ணே, ஏத்திவிட நாலு ஆள் வேணும். நீளம் கூடினா விசை குறையும். திங்கட்கிழமைக்குள்ள வரலேன்னா எங்களுக்கு இயற்பியலே இல்ல." பத்தாம் வகுப்புக்காரி ஒற்றைக்காலில் நின்று வாங்கிப் போனாள்.

திங்கட்கிழமை காலை அந்தச் சரிவில் சக்கர நாற்காலியைத் தானே உருட்டி ஏறி, இயற்பியல் ஆசிரியை முதன்முறையாக வகுப்புக்குள் வந்தார். 'படியேற முடியாதவருக்கு வகுப்பு எதற்கு' என்று அன்று அனுப்புவதற்காக அவருக்கு மாற்றல் கடிதம் எழுதி வைத்திருந்த தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றார்.

"நீளம் கூடினா என்ன குறையும்?" என்று கேட்டார் ஆசிரியை.

"விசை குறையும் டீச்சர்." பலகை வாங்கி வந்தவள் வாசலைப் பார்த்தாள். "சாக்குச் சொல்றதும் குறையும்."