ராஜவேலு கொண்டுவந்த டீ

"பால் ஊத்திடாத தங்கச்சி. பால் ஊத்தினா வாசனையே போயிடும்" என்றார் ராஜவேலு, சமையல்கட்டு வாசலில் நின்றபடி.

லோகாம்பாள் தூக்கிய பால் பாத்திரத்தைத் திரும்பக் கீழே வைத்தாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் நமச்சிவாயத்துக்கு அது சுருக்கென்றது. பாலே வேண்டாம் என்பவனா ராஜவேலு?

இரண்டு பேரும் காந்தி ரோட்டில் ஒரே பட்டுக்கடையில், ஒரே மெத்தையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் புடவை விரித்துப் போட்டவர்கள். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் தேரடி டீக்கடைக்கு நடப்பார்கள். ஒரு டீ வாங்கி இரண்டு கிளாஸில் பிரித்துக்கொள்வார்கள். பாலேடு விழுந்த பாதி எப்போதும் ராஜவேலுவுக்கு. நமச்சிவாயத்துக்கும் ஏடு பிடிக்கும். ஒரு நாளும் கேட்டதில்லை.

மகன் கூப்பிடுகிறான் என்று 2001-ல் பெண்டாட்டி தில்லையம்மாளோடு கனடாவுக்குப் போன ராஜவேலு, இப்போதுதான் முதல் தடவையாக அவளோடு ஊருக்கு வந்திருக்கிறார். இன்று அவர் வீட்டுக்கு வந்ததும் நமச்சிவாயம் ஆசையாகக் கூப்பிட்டார், "வாயேன், தேரடிக்குப் போயி ஒரு டீ சாப்பிடலாம்."

"அதெல்லாம் இப்ப சேர்றதில்லபா. இதைக் குடிச்சுப் பாரு" என்று மூன்று தகர டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டார்.

ஒன்றைத் திறந்து காட்டினார். தூள் இல்லை. முறுக்கிக் காயவைத்த முழு இலை.

"இது வெறும் மேப்பிள். இது லவங்கப்பட்டை சேர்த்தது. அது பச்சை டீ. மேப்பிள்னா மரம்பா. துளை போட்டா தண்ணியா வடியும். அதைக் காய்ச்சிப் பாகு எடுப்பாங்க. அந்த வாசனைதான் இதுல."

"பதநீர்னு சொல்லு."

"இது வேறபா."

"ஆமா, நீ அங்க இன்னா வேலை பண்றே? லெட்டர்ல கூட எழுதலியே."

"டீக் கம்பெனில. ருசி பார்க்கற செக்‌ஷன். நம்ம கையைத் தாண்டித்தான் எல்லாம் போவணும்."

பட்டுக்கடையில் இருந்தபோது ராஜவேலு பெருமை பேசி நமச்சிவாயம் கேட்டதில்லை.

ராஜவேலு தானே டீயை வடிகட்டி, தட்டில் டம்ளர்களை அடுக்கி எடுத்து வந்தார்.

"மொதல்ல மோந்து பாரு. அப்புறம் ஒரு வாய் எடுத்து நாக்குலயே வெச்சிக்கினு இரு. ஒடனே முழுங்காதே."

வெல்லப் பாகு லேசாகத் தீய்ந்த வாசனை. நமச்சிவாயம் நம்பிக்கையோடு ஒரு வாய் எடுத்தார். இனிப்பே இல்லை. துவர்த்தது.

"இன்னாடா இது, பாகு வெச்ச பாத்திரத்தைக் கழுவின தண்ணி மாதிரி இருக்குது" என்றார்.

ராஜவேலு சிரித்தார். ஆனால் முகம் விழுந்துவிட்டது. தட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

"எனக்கு நல்லா இருக்குதுண்ணா" என்றாள் லோகாம்பாள். "இன்னொரு டம்ளர் குடுங்க."

நமச்சிவாயம் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். திக்காகப் பாலும் சர்க்கரையும் போட்ட காப்பி தவிர வேறு எதையும் வாயில் வைக்காதவள்.

இரண்டாவது டம்ளரையும் குடித்தாள். பட்டை சேர்த்ததைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். பச்சை டீயையும் விடவில்லை. இதை எப்படிப் போடுவது, எத்தனை நேரம் மூடி வைப்பது என்று வேறு கேட்டாள். ராஜவேலு தரையில் உட்கார்ந்து ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனார். கடையில் ஜரிகை மின்னுகிற மாதிரி முந்தானையை விரித்துக் காட்டிப் பேசுவாரே, அந்தப் பழைய குரல் வந்துவிட்டது.

அவர் கிளம்பும்போது லோகாம்பாள் சொன்னாள், "நாளைக்கு சாயங்காலமும் வாங்கண்ணா. நம்ம தெருவுல எல்லாரையும் வரச் சொல்றேன். நீங்களே உங்க கையால போட்டுக் குடுக்கணும்."

"நெஜமாவா தங்கச்சி? வருவாங்களா?"

"வருவாங்கண்ணா."

ராஜவேலு தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்த நமச்சிவாயம் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு நெஜமாவே அது புடிச்சுதா?"

"கஷாயம் கூடத் தேவலாம். தொண்டையெல்லாம் கசக்குது."

"அப்புறம் எதுக்கு அவனுக்கு ஜால்ரா போட்டே? கனடா போயி வந்துட்டான்னா? என்கூட ஒரு டீ குடிக்க வரமாட்டான். நம்ம டீ அவனுக்கு சேராது. அவன் பவுசைப் பார்க்க நீ தெருவையே கூட்டுறியா?"

லோகாம்பாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள்.

"பதில் சொல்லிட்டுப் போ."

"திங்கக்கிழமை தில்லை அண்ணியோட மாகறல் கோயிலுக்குப் போயிருந்தேன் இல்ல? அங்க அவங்க சொல்லி அழுதாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கினாங்க."

"இன்னான்னு?"

"அண்ணாவுக்கு ருசி பார்க்கற வேலை இல்லீங்க. கடை வாசல்ல தட்டை ஏந்திக்கினு, போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் ருசி பார்க்க இந்த டீயை நீட்டற வேலை. பொழுதெல்லாம் நின்னாலும் முக்கால்வாசிப் பேர் மூஞ்சைக்கூடப் பார்க்காம போயிடறாங்களாம். நம்ம தெருவுலயாவது அவர் கையால நாலு பேர் வாங்கிக் குடிக்கட்டுமே."