மஞ்சள் மண் ஒட்டிய நத்தை

கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் கல்லாகிப்போன கடல் நத்தை சுருளிக்கு எப்போதும் உண்டு. அவள் சொல்ல வேண்டியதோ ஒரே வரிதான்: இங்கே முதலில் காடு, பிறகு கடல். அதற்காகவே ஓடைக்கரைப் பாறையின் மேலடுக்கில், மஞ்சள் மண்ணுக்குள் பல கோடி வருஷமாக அசையாமல் கிடந்தாள்.

காலையில் பெய்த மழையில் கரை சரிந்தது. சுருளி உருண்டுபோய் அடியிலிருந்த, காட்டுக் காலத்துக் கறுப்பு அடுக்கில் விழுந்தாள்.

"வாடி தங்கச்சி!" என்று சிரித்தாள் அங்கே பதிந்திருந்த இலையக்கா. "அடியில் கிடப்பவர்கள்தானே மூத்தவர்கள்? இனி நீயும் என் வயசுக்காரி!"

"சிரிக்காதீங்கக்கா! மத்தியானம் பாறையை ஆராய்ச்சி பண்ற ஆட்கள் சுத்தியலோடு வருவாங்க. என்னை இங்கே பார்த்தால், காடும் கடலும் ஒரே காலம் என்று எழுதிவிடுவாங்க. எல்லாம் என்னாலே!"

வெயில் காய வந்த ஓணான் அவளை முகர்ந்து பார்த்தது. "விருந்தாளிகள் வர்ற நேரத்தில் வாயெல்லாம் மஞ்சள் மண்ணா? தட்டிவிடட்டுமா?"

"தொடாதே! அது எங்க அடுக்கு மண்!"

இலையக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி பைத்தியமே, வீட்டு விலாசத்தை வாயிலேயே வைத்துக்கொண்டா அழுதாய்?"

சுருளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஓணானை முட்டச் சொல்லி, மண் ஒட்டிய பக்கம் மேலே தெரியும்படி புரண்டுகொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வானத்தில் இன்னும் ஒரு மேகம் இருந்தது. ஆட்கள் வரும்வரை மண் கரையாமலிருக்க, ஓணானையே தன் வாய்மேல் மூடியாக உட்கார வைத்துக்கொண்டாள்.