பச்சைக் கட்டம்

நட்ட நடுப்பகல். மின்துறை அலுவலகத்தின் ஏழாவது மாடியில் திரைச்சீலைகளையெல்லாம் இழுத்து மூடி, முப்பது விளக்குகளை எரியவிட்டு, சூரிய மின்சாரத்துக்கு மாற நாடு எவ்வளவு தயார் என்று பதினோரு பேர் அளந்துகொண்டிருக்கிறார்கள். ஏசிக் குளிருக்கு இயக்குநர் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருக்கிறார். உலகத் தரவரிசைக்கு அனுப்பவேண்டிய படிவம் சுவர்த்திரையில் நிற்கிறது. போன வருடம் எழுபத்தொன்றாம் இடம்; அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. நாற்பதாவது கேள்வி: அரசுக் கட்டடங்களில் சோலார் பேனல்கள் பொருத்தப்பட்டுள்ளனவா? நாடு முழுவதற்கும் இந்த ஒரு மொட்டைமாடியே சாட்சி. அங்கிருந்து வரவழைக்கப்பட்ட எலெக்ட்ரீஷியன், வியர்வைச் சட்டை முதுகோடு ஒட்ட, கதவோரம் நிற்கிறார். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. "மேல நாலு வரிசை பொருத்தியாச்சு சார். ஆனா இன்னும் லைனே குடுக்கல. ரெண்டு வருஷமா கேன்டீன்காரங்க அதுமேல கரித்துணிதான் காயப்போடுறாங்க." யாரோ களுக்கென்று சிரிக்கிறார். இயக்குநர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் யாருப்பா கேட்டா? பொருத்தியாச்சா, இல்லையா?" "பொருத்தியாச்சு சார்." "ஆமான்னு போடும்மா." புள்ளிவிவர அதிகாரி யார் முகத்தையும் பார்க்காமல் விசையைத் தட்டுகிறார். கட்டம் பச்சையாகிறது, கணினி காட்டும் உத்தேச இடம் ஐம்பத்தெட்டுக்குத் தாவுகிறது. கூச்சநாச்சமில்லாமல் கைதட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலையின் இடுக்கில் ஒரு கீற்று வெயில் நுழைந்து பச்சைக் கட்டத்தின் மேல் விழுகிறது. ஐம்பத்தெட்டு வெளுத்து மறைகிறது. "ஏம்ப்பா, சும்மாதானே நிக்கிற? அந்த ஜன்னல் திரையை நல்லா இழுத்துவிடு," என்கிறார் இயக்குநர். "இந்த வெயில்ல ஒண்ணுமே தெரியல."