மூன்றாவது நகல்

"பயப்படாம சொல்லுங்க லெஸ்டர். இங்க நம்ம பேச்சை எவன் கேக்கப் போறான்?" என்றார் பத்திரிகைக்காரர் பீட், காபிக் கடையின் மூலையில் உட்கார்ந்து இரண்டாவது டோநட்டைக் கடித்துக்கொண்டே.

லெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வாஷிங்டனில் அடுத்தவன் பேச்சைக் கேட்பதற்குத்தானே அவனுக்கு அரசாங்கச் சம்பளம்! தெற்கு வியட்நாம் தூதரகத்தின் போனை ஒட்டுக்கேட்டு, கேட்டதை மூன்று நகலாகத் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டு மேலே போகும். மூன்றாவதை அவன் கையாலேயே கொளுத்திவிட வேண்டும்.

இந்த முறை அவன் கொளுத்தவில்லை. மூன்றாவது நகல் அவனுடைய சாப்பாட்டு டப்பாவில், ரொட்டிக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

"நம்ம எதிர்க்கட்சி ஆளுங்க தூதரகத்துக்கு போன் பண்ணாங்க சார். 'சண்டையை நிறுத்துற பாரிஸ் சமாதானப் பேச்சுக்குப் போயிடாதீங்க. தேர்தல்ல எங்க ஆள் ஜெயிக்கட்டும், இதைவிட நல்லதா முடிச்சுத் தர்றோம்'னு சொன்னாங்க. ரெண்டே நாள்ல, பேச்சுக்கு வரமாட்டோம்னு தெற்கு வியட்நாம்காரங்க அறிக்கை விட்டுட்டாங்க!"

"அடப்பாவிகளா! உங்க மேலதிகாரிங்க என்ன பண்ணாங்க?"

"படிச்சுட்டு 'தேசத்துரோகம்'னு மேஜையைக் குத்துனாங்க. அப்புறம், 'வெளிய சொன்னா நாம ஒட்டுக்கேட்டது தெரிஞ்சுடுமே'ன்னு பூட்டி வெச்சுட்டாங்க."

பீட் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மானஸ்தர்கள்தான், இரண்டு கட்சியிலுமே!

"சிரிக்காதீங்க சார். என் தம்பி அந்த வியட்நாம் சண்டையில, பதுங்குகுழியில கெடக்கான். பொழுது விடிஞ்சா தேர்தல். காலைப் பேப்பர்ல இது வந்துட்டாப் போதும், அவங்க குட்டு உடைஞ்சுடும். பேச்சு நடக்கும். அவன் உசுரோட வீடு வந்து சேருவான்."

பீட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. பெரிய பத்திரிகைக்காரர்களுக்கு எல்லாம் மண்டையிலேயே நிற்கும்போல என்று லெஸ்டர் வியந்துகொண்டான்.

"அசல் எங்க?"

"மேல இருக்கு சார். வெளிய வந்தது இது ஒண்ணுதான்."

தாள்களை நீட்டினான். பீட் எழுந்து, அதுவரை கழற்றாத மேல்கோட்டைத் திறந்து, அவற்றை உள்பையில் செருகினார். உள்ளே சட்டையில் எதிர்க்கட்சி வேட்பாளரின் தேர்தல் பேட்ஜ் பளிச்சென்று சிரித்தது.

லெஸ்டர் அந்த பேட்ஜைச் சுட்டிக் காட்டினான். "நீங்க... பத்திரிகைக்காரர் இல்லையா?"

"நீங்க போன் பண்ணுன பத்திரிகைக்காரர், உடனே எங்களுக்கு போன் பண்ணிட்டாரு. நல்ல மனுஷன்."

"அதைக் குடுத்துடுங்க சார்! நான் கத்துவேன்!"

"கத்துங்களேன். அரசாங்க ரகசியத்தைத் திருடிட்டு வந்தது யாருன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்." பீட் மறுபடி உட்கார்ந்து, அவன் தோளில் கை வைத்தார். குரல் தேனாக இறங்கியது. "எதுக்கு வம்பு? உங்க தம்பி பேரு வெய்ன்தானே? ராணுவத்துலயும் நமக்கு வேண்டியவங்க இருக்காங்க. நீங்க வாயைத் திறக்காம இருந்தா, கிறிஸ்துமஸுக்கு வெய்ன் வீட்ல இருப்பான்."

லெஸ்டரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறி நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, பாவி மனசு!

"அப்போ... சண்டை நின்னுடுமா சார்?"

பீட் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"உங்க தம்பிக்கு மட்டும்."