மாவு மாத்திரை

இதயம் தாளம் தப்பாமல் இருக்க, ஒரு ஹார்மோனை அடக்கும் மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுவென்று சொல்லமாட்டார்கள். மருந்தாக இருந்தால் சில ஆண்களுக்கு மார்பு வீங்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

மாசிலாமணி மார்பைத் துண்டால் மூடிக்கொண்டு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த சவரிமுத்து துண்டை விலக்கிப் பார்த்தார்.

"குடுத்து வச்ச ஆளுவே நீரு."

"வெளிய தலைகாட்ட முடியல. பேரப்பிள்ளையே சிரிக்கான்."

"சிரிக்கட்டும். என்னையப் பாரும்." சவரிமுத்து சட்டையைத் திறந்து தட்டையான மார்பைக் காட்டினார். "எங்க அண்ணன் நெஞ்சு படபடன்னு அடிச்சே போனான். எனக்குத் தாரது மாவு."

நர்ஸ் ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்களைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். சவரிமுத்துவின் கை தன்னுடையதைத் தாண்டி நீண்டது. மாசிலாமணி துண்டை நழுவவிட்டு, தன் டப்பாவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.