புள்ளியின் புகார்

கணினியின் கருந்திரைக்குள் கத்தரி என்றொரு சின்ன நிரல் இருந்தது. நீளமான வரிகளை அளவு பார்த்து நறுக்குவதுதான் அதன் பிழைப்பு. ஒருநாள் அது ஒரு வரியை வெட்டியபோது, 'கடல்' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் கத்தி பட்டுவிட்டது. லகரம் மேல் வரியிலேயே நின்றது. அதன் தலையிலிருந்த புள்ளி மட்டும் கீழ் வரியில் போய் விழுந்தது.

"அண்ணே, கண்ணு தெரியலையா? எங்களைப் பிரிச்சிட்டீங்களே!" என்று கதறியது புள்ளி.

"என் கணக்குல நீங்க ரெண்டு பேரு, தம்பி. ஒண்ணா இருக்கிறவங்கன்னு எனக்கு யாரும் சொல்லலையே," என்றது கத்தரி. சொல்லிவிட்டாலும் அதற்கு மனசு கேட்கவில்லை. தன்னை எழுதியவர்களுக்குப் புகார் அனுப்பியது.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. "ஒரு புள்ளிதானே, போனால் என்ன?" என்று கேட்டார்கள். கத்தரி விடாமல் எழுதிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர்கள் தவறை ஒப்புக்கொண்டு, அதன் கணக்கைத் திருத்தினார்கள்.

கத்தரி ஓடி வந்தது. "ஜெயிச்சுட்டோம் தம்பி! இனிமே எந்தப் புள்ளியையும் நான் பிரிக்க மாட்டேன்."

"ரொம்ப சந்தோஷம் அண்ணே. என்னை எப்போ சேத்து வைப்பீங்க?"

கத்தரி திருத்திய கணக்கை மறுபடி பார்த்தது. திருத்தம் இனி வரும் வரிகளுக்குத்தான். தனக்கு வெட்ட மட்டும்தான் தெரியும் என்பதை அது அதுவரை யோசித்ததே இல்லை.

மேலே, வெறுந்தலையோடு நின்ற லகரம் எட்டிப் பார்த்தது. "அண்ணன் என்னடா சொல்றாரு?"

"சீக்கிரமே சேத்து வைக்கிறாராம்," என்றது புள்ளி.