ஒரே நடைச் சாமான்

"இன்னா பாய், போட்டோல அடங்குன கட்டிலு வண்டில அடங்க மாட்டேங்குது?"

மஞ்சுளா கேட்டதும், டிரைவர் சுஃப்யான் கட்டிலை இன்னொரு முறை உள்ளே தள்ளிப் பார்த்தான். 'குட்டி யானை' மினி லாரியின் பின்கதவைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டு கிடந்தது கட்டில். மர அலமாரி, மேசை, சோபா, மெத்தை எல்லாம் ஆலங்காயத்துத் தெருவோரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டைக் காலி செய்து, சாவியையும் கொடுத்தாகிவிட்டது. மலைமேல் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது.

"மழை வந்துச்சுன்னா மெத்தையெல்லாம் ஊறிப்பூடும். ஒரே நடைன்னு நீதான சொன்னே? அத நம்பித்தான வேற வண்டி சொல்லல!"

"இருங்கக்கா. என் கணக்கு தப்பாது."

அந்தக் கணக்கில் அவனுக்கு அவ்வளவு பெருமை. மற்ற டிரைவர்களைப் போல அவன் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை. வாணியம்பாடியில் இருந்தபடியே போட்டோக்களை வாங்கிக் கணக்குப் போட்டுவிடுவான். வித்தை சுலபம்தான். போட்டோவில் ஒரு பொருளின் வடிவம் தெரியும், அளவு தெரியாது. பக்கத்தில் ஓர் ஆளை நிற்க வைத்துவிட்டால் அளவும் தெரிந்துவிடும். ஆள் ஐந்தரை அடி. அலமாரி அவர் தலைக்குச் சரியாக நின்றால் அதுவும் ஐந்தரை அடி.

ஒரே சாமான் இரண்டு படத்தில் விழுந்து இரண்டாகிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றையும் வெறும் சுவர் ஓரமாக வைத்துத் தனித்தனியே எடுக்கச் சொல்வான். மஞ்சுளாவும் அப்படியே எடுத்து அனுப்பியிருந்தாள். எல்லாப் படத்திலும் அவள் கணவர் குமரேசன், பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றிருந்தார். அந்த அளவுகளை வைத்து அட்டையில் குட்டிக் கட்டில், குட்டி மேசை எல்லாம் வெட்டி, அட்டை வண்டிக்குள் அடுக்கியும் பார்த்தான் சுஃப்யான். இடம் மிச்சமே இருந்தது.

மொபைலைத் திறந்து மஞ்சுளாவிடம் நீட்டினான். "நீங்களே பாருங்கக்கா. கட்டில்ல அண்ணன் படுத்துக்கினு கீறாரு. தலைக்கு மேல ஒரு சாண், காலுக்குக் கீழ ஒரு சாண். சாதாரணக் கட்டிலுதான?"

"சாதாரணக் கட்டிலுதான். அலமாரிய செவுத்தோரம் நகத்தி நகத்தி அவருக்கு இடுப்பே போச்சு. அவரும் இன்னிக்கின்னு பாத்து விடியறதுக்கு முந்தியே புது வூட்டக் கழுவப் போய்ட்டாரு."

சுஃப்யான் மேசைப் பக்கம் போய் நின்றான். படத்தில் குமரேசனின் இடுப்புக்கு இருந்த மேசை, இவனுக்கு நெஞ்சுக்குக் கொஞ்சம்தான் கீழே நின்றது.

"ராத்திரியில வளந்துச்சா இது?" என்று முணுமுணுத்தான்.

தூரத்தில் இடி உருண்டது. இனி வேறு வழியில்லை. சக டிரைவர் இளவரசனின் வண்டி சிமெண்டு இறக்க ஆலங்காயம் வந்திருப்பது அவனுக்குத் தெரியும். நேற்று ஸ்டாண்டில் அட்டை வண்டியைக் காட்டிப் பீற்றிக்கொண்டதும் அந்த இளவரசனிடம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டான்.

"காலியாத்தான் திரும்புறேன் பாய். ஆனா எதுக்கு? அட்டை வண்டில எடம் மிச்சம் இருந்துச்சே, அதுலயே ஏத்திக்கினு வாயேன்!"

"மழை வருதுப்பா. வந்து சிரி."

இளவரசன் வந்தான், சிரித்தான், சிரித்துக்கொண்டே சோபாவுக்குத் தோளும் கொடுத்தான். கட்டிலும் அலமாரியும் ஒரு வண்டியில், மற்றவை இன்னொன்றில். தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டபோது முதல் துளி மஞ்சுளாவின் மூக்கில் விழுந்தது.

"மெத்தை நனையல. அது போதும் பாய், வுடு," என்றாள் அவள் சிரித்தபடி.

ஆனால் சுஃப்யானால் விட முடியவில்லை. வாணியம்பாடி வரும்வரை வைப்பர் ஆட ஆட அவன் மண்டையும் ஆடிக்கொண்டே வந்தது. வகுத்தது சரி. பெருக்கியது சரி. பிறகு எங்கேதான் தப்பு?

"ஏன்க்கா, இதெல்லாம் எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையில எங்க கெடைக்குது? எல்லாம் அவருக்குத் தோதா ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்சது."

புது வீட்டு வாசலில் வண்டிகள் நின்றன. "வந்துட்டோங்க!" என்று குரல் கொடுத்தாள் மஞ்சுளா.

"தோ வர்றேன்!" என்று உள்ளே இருந்து பதில் வந்தது.

சுஃப்யான் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான். ஏணி இல்லாமல், ஸ்டூல்கூட இல்லாமல், தரையில் நின்றபடியே சீலிங் ஃபேனின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார் குமரேசன்.

சுஃப்யான் மெதுவாக மொபைலை எடுத்து, அடுத்து வீடு மாறப்போகிற ஆளுக்குச் செய்தி அனுப்பினான்: "சாமான் பக்கத்துல ஆள நிக்க வெக்காதீங்க. சமையல் காஸ் சிலிண்டர வெச்சு எடுங்க. அதுதான் எல்லா வூட்லயும் ஒரே உயரம்."